பேசாத பிள்ளை: வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வாள்?

இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, களைக்கொல்லி விஷம் என்றால் நம்மவர்கள் வாய் திறந்து பேசுவார்கள். கிளைக் கூட்டத்தில்கூட எழுந்து நின்று, "எனக்குச் சீனி பதினஞ்சுக்கு ஏறிப்போச்சு" என்று சொல்லக் கூச்சப்படுவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்துவிடுகிறார்கள். நாலு வயதாகியும் பேசாத பிள்ளை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை. விருந்தாளி வந்தால் அறைக்குள் அனுப்பப்படும் பிள்ளை. இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு இருப்பது ஆட்டிசம். இதை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று நாம் ஒதுங்கிவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. இது சங்கம் தலையிட வேண்டிய தொழில் விவகாரம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஆட்டிசம் என்றால் என்ன என்று பார்ப்போம். மூளை வளரும் விதத்திலேயே உள்ள ஒரு வேறுபாடு அது. தொற்றுநோய் அல்ல, பைத்தியமும் அல்ல. மற்றவர்களோடு பழகுவதிலும், பேச்சிலும், சைகையிலும் சிரமம் இருக்கும். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். சில பிள்ளைகளுக்குச் சத்தமும் வெளிச்சமும் சட்டைத் துணியின் உரசலும்கூடத் தாங்காது. தாய்மார்கள் இதைச் சொல்லும் விதமே தனி. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா செவிடு மாதிரி இருக்கான், ஆனா பிஸ்கட் டின்னைத் திறந்தா அடுத்த ரூம்ல இருந்து ஓடி வர்றான்." "காரை ஓட்டி விளையாட மாட்டான், கவுத்துப் போட்டுச் சக்கரத்தைச் சுத்திக்கிட்டே உக்காந்திருப்பான்." "வேணுங்கிறத விரலை நீட்டிக் காட்ட மாட்டான், என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி அது மேல வைப்பான்." புத்தகத்தில் அடையாளங்கள் என்று வரிசை போட்டு எழுதியிருப்பதைவிட இந்த மூன்று பேச்சும் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன.

எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவன் கடைசிவரை பேசாமலே இருப்பான். இன்னொருவன் ரயில் நிலையங்களின் பெயரை வரிசை தவறாமல் ஒப்பிப்பான், ஆனால் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்குச் சொன்ன கணக்கு, சுமார் 127 பேருக்கு ஒருவர். ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது. பெண் பிள்ளை என்றால் "அமைதியான புள்ள" என்று பாராட்டி விட்டுவிடுகிறோம். அது வேறு கதை.

யார் மேல் பழி? நம் வீடுகளில் விடை தயாராக இருக்கிறது: தாய் மேல். "மாசமா இருக்கிறப்ப கிரகணத்துல வெளிய போனா", "பிள்ளைய போன்கிட்ட விட்டுட்டு வேலைக்குப் போயிட்டா", "அவ குடும்பத்துல யாருக்கோ இருந்திருக்கு". படிக்காதவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள் என்று நினைக்காதீர்கள். 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் பதினோரு பிள்ளைகளைப் பார்த்து முதன்முதலில் இதை விளக்கமாக எழுதினார். பின்னால் வந்த சில பெரிய படிப்பாளிகள், தாயிடம் பாசம் இல்லாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று அடித்துச் சொன்னார்கள். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் ஒரு புத்தகமே போட்டார். பனிப்பெட்டி போன்ற தாய் என்று அந்தக் காலத்தில் ஒரு வசைப்பெயர். எத்தனை தாய்மார் அதைக் கேட்டு இரவெல்லாம் அழுதிருப்பார்கள்! அதற்கு முன்பே, 1964இல், பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற மனவியலாளர் இது உடல்கூறு சம்பந்தப்பட்டது என்று வாதாடி எழுதியிருந்தார். அவரும் ஓர் ஆட்டிசப் பிள்ளைக்குத் தகப்பன். இன்று மருத்துவ உலகம் அவர் பக்கம்தான் நிற்கிறது. மரபுவழிக் காரணங்களே பெரும்பங்கு, வளர்ப்பு காரணமல்ல.

தடுப்பூசியும் காரணமல்ல. 1998இல் இலண்டனில் ஒரு டாக்டர் அப்படிக் கிளப்பிவிட்ட கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதை நம்பித் தட்டம்மை ஊசி போடாமல் விடும் தாய் தகப்பன்மார் தங்கள் பிள்ளையோடு அடுத்த வீட்டுப் பிள்ளையையும் ஆபத்தில் தள்ளுகிறார்கள்.

நம்மிடம் உள்ள பெரிய கெடுதல் காத்திருப்பது. "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வாள். அப்பன் தாமதமாகப் பேசியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்பன் பேசாவிட்டாலும் விரலை நீட்டிக் காட்டினானா, கண்ணைப் பார்த்துச் சிரித்தானா, டாட்டா காட்டினானா என்று பாட்டியையே கேட்டுப் பாருங்கள். அங்கேதான் வித்தியாசம் தெரியும். அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் குழந்தை சுகாதாரப் புத்தகத்தில், பதினெட்டு மாதத்திலும் மூன்று வயதிலும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. ஊசி போடும் அவசரத்தில் பல தாய்மார் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று கோடு போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கத்தை வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள். மலாய் சரியாகப் புரியாவிட்டால், படிக்கிற பெரிய பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால், "காது டெஸ்ட் பண்ணணும், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க" என்று நேராகக் கேளுங்கள். காது நன்றாகக் கேட்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றது.

மந்திரிப்பது, தாயத்து கட்டுவது பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. மனம் ஆறுதல் அடைகிறதென்றால் கோயிலுக்குப் போங்கள். ஆனால் உறுமி மேளத்தின் நடுவில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை, "சாமி வந்திருக்கு" என்று இன்னும் கிட்டே தள்ளாதீர்கள். அந்தச் சத்தம் அதற்கு வலி. உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம், மூன்று மாதத்தில் குணப்படுத்துகிறோம் என்று ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்பவர்களிடமும் ஏமாறாதீர்கள். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து எதுவும் கிடையாது. வலிப்பு, தூக்கமின்மை போன்றவை கூட இருந்தால் அவற்றுக்கு மருந்து உண்டு, அவ்வளவுதான்.

இனி தொழில் விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். அந்த வாழ்க்கையை நான் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட பிள்ளைக்குக் "கிறுக்கு" என்று பட்டப்பெயர் வைத்ததும் அதே லயத்தில்தான். காலில் கயிறு கட்டித் தூணில் கட்டிவைத்ததும் அங்கேதான். ஆனாலும் ஆயா இருந்தாள், பக்கத்து வீட்டு அத்தை இருந்தாள். பிள்ளை ஓடினால் பிடித்துக்கொண்டு வர நாலு கை இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒன்றொன்றாக வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது அந்தக் கைகளும் போய்விட்டன. இன்று அதே குடும்பம் அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் இருக்கிறது. கதவைச் சாத்தினால் உள்ளே தாயும் பிள்ளையும் மட்டும்தான். பிள்ளை கத்தினால் கீழ் மாடிக்காரர் தட்டுகிறார். சாதாரணக் குழந்தைக் காப்பகத்தில் சேர்க்கப் போனால், "இவனைப் பார்க்க ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஆறு மாதத்தில் தாய் வேலையை விடுகிறாள். இரண்டு சம்பளத்தில் ஓடிய வீடு ஒரு சம்பளத்தில் நிற்கிறது. செலவோ கூடிவிட்டது. பிள்ளையின் குறையைவிட இந்தச் சம்பள இழப்புதான் பல குடும்பங்களை உடைக்கிறது என்பது என் எண்ணம்.

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையை ஒட்டி ஜாலான் சான் ஆ தோங் என்று ஒரு தெரு. நாசோம் எனப்படும் மலேசியத் தேசிய ஆட்டிசச் சங்கம் பல ஆண்டுகளாக அங்கிருந்து இயங்கி வருகிறது. 1986இல் ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோர்கள் சிலரும் இத்துறை தெரிந்தவர்கள் சிலரும் சேர்ந்து ஆரம்பித்தது. பிள்ளைகளுக்குப் போக இடமில்லாத காலத்தில் தாங்களே கூடி இடம் உண்டாக்கினார்கள். பிறகு கிள்ளான் உட்பட மற்ற ஊர்களிலும் மையங்கள் வந்தன. அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த துன் சம்பந்தன், தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்துத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். ஒருத்தரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வது நமக்குப் புதிதா என்ன?

ஆனால் இடம் இருந்தால் போதுமா? கேரித் தீவிலிருந்து ஒரு தாய் பிரிக்பீல்ட்ஸ் போவதை நினைத்துப் பாருங்கள். முதலில் கிள்ளானுக்கு வரவேண்டும். அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். ரயிலின் சத்தத்தில் பிள்ளை தரையில் விழுந்து புரளும். "பிள்ளையை அடக்கத் தெரியல" என்று எதிரில் இருப்பவர் முறைப்பார். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஒரு முழு நாள். டாக்டர், பேச்சுப் பயிற்சி, கைவேலைப் பயிற்சி எல்லாமே காலை நேரத்தில்தான். நம் வேலையும் காலையில்தான். அன்றைக்கு உதிரிப்பழம் பொறுக்கப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மூன்று முறை போனபின் நாலாவது முறை போகாமல் நின்றுவிடுகிறாள். "அக்கறை இல்லாத தாய்" என்று ஏட்டில் எழுதிவிடுவார்கள்.

அந்தத் தாய்க்குத் தேவை நேரம். நேரத்தைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 60பி, 60கியூ என்ற இரண்டு பிரிவுகள் சேர்ந்திருக்கின்றன. வேலை நேரத்தையோ வேலை நாளையோ வேலை இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பம் செய்யலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதுதான் இதன் ஓட்டை. கூட்டு ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் விண்ணப்பம் அந்த ஒப்பந்தத்துக்கு இசைவாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அப்படியானால் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கினால் என்ன? குறைபாடுள்ள பிள்ளையின் மருத்துவத்துக்கும் பயிற்சிக்கும் போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ மாதத்தில் இத்தனை நாள், சம்பளம் குறையாமல். பேச்சுவார்த்தை மேசையில் போனஸுக்காக விடியவிடிய உட்காரும் நாம், இதற்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கக் கூடாதா? "நம்ம கிளையில அப்படிப் புள்ளைங்க யாரும் இல்லீங்களே" என்று சில செயலாளர்கள் சொல்வார்கள். இருக்கிறார்கள். அறைக்குள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்கலாம். தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோட்டக் குழந்தைக் காப்பகங்கள் பற்றிய விதிகள் இருக்கின்றன. காப்பகம் இன்னும் நடக்கும் தோட்டங்களில் ஆயாவுக்கு இந்த அடையாளங்களைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஐம்பது பிள்ளைகளை வளர்த்த கண்ணுக்கு வித்தியாசம் சீக்கிரம் படும்.

அரசாங்கத்திடம் பெறவேண்டியதை விட்டுவிடாதீர்கள். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிந்துகொண்டால் ஓ.கே.யு. அட்டை கிடைக்கும். ஆட்டிசம் அங்கே கற்றல் குறைபாடு என்ற பிரிவில் வரும். டாக்டர் உறுதிப்படுத்திய பாரம் வேண்டும். "அட்டை எடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும், மூத்தவளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது" என்று மறைப்பவர்கள் உண்டு. கோபம் வருகிறது, ஆனால் அந்தப் பயம் பொய்யான பயம் என்றும் சொல்ல முடியவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் அப்படித்தான் விசாரிக்கிறார்கள். என்றாலும் எடுங்கள். அட்டையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு யாரும் நடப்பதில்லை. பிறப்புச் சான்றிதழ், மைகிட் சரியில்லாத பிள்ளைக்கு அட்டையும் கிடைக்காது, வேறு எதுவும் கிடைக்காது. அப்படிப்பட்டவர்கள் முதலில் அந்தப் பத்திரத்தைச் சரிசெய்யக் கிளை மூலம் உதவி கேளுங்கள்.

பள்ளிக்கூடம்? சாதாரணப் பள்ளிகளிலேயே ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்புகள் இருக்கின்றன, சில தமிழ்ப்பள்ளிகளிலும் உண்டு. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2019 முதல் கல்வி அமைச்சின் கொள்கை. அந்த மாணவர்களுக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு. சமூக நல இலாகாவின் கீழ் பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. 1984இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம், இப்போது நாடெங்கும் பரவியிருக்கிறது. தூரத்துப் பெரிய மையத்தை நினைத்து மலைக்குமுன், பக்கத்தில் பி.டி.கே. இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? பணம் செலவில்லாமல் நிறையச் செய்யலாம். ஒரே நேரத்தில் ஒரு சொல். "டேய், சீக்கிரம் வந்து கையைக் கழுவிட்டு உக்காந்து சாப்பிடு, அப்பா வந்துடுவாரு" என்று கொட்டினால் அவன் காதில் எதுவும் ஏறாது. "கை கழுவு" என்று சொல்லிக் குழாயைக் காட்டுங்கள். முடிந்தபின் "சாப்பாடு". பழைய காலண்டரிலிருந்தும் சூப்பர்மார்க்கெட் நோட்டீசிலிருந்தும் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டிவையுங்கள்: தட்டு, தண்ணீர், கழிப்பறை, பஸ், தூக்கம். பேச வராத பிள்ளை படத்தைக் கையில் எடுத்துக் கொடுத்துக் கேட்கப் பழகும். கேட்டவுடன் கொடுங்கள், அப்போதுதான் கேட்டால் கிடைக்கும் என்று அதற்குப் புரியும். படம் காட்டினால் பேச்சு வராமலே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். பல பிள்ளைகளுக்கு அதுவே பேச்சுக்கு வழிவிடுகிறது. சட்டை போடுவதைச் சொல்லிக்கொடுக்கும்போது முழுவதையும் நீங்கள் போட்டுவிட்டு, கடைசியாகக் கீழே இழுத்துவிடுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது பழகியபின் ஒரு படி பின்னால் போகலாம். நேரமும் வழியும் மாறினால் கலவரப்படும் பிள்ளைக்கு, "இன்னிக்கு அந்த ரோடு இல்ல, பாட்டி வீட்டு ரோடு" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அடித்தால் திருந்தும் என்பவர்கள் அடித்துப் பார்த்தவர்கள்தான். பலன் என்ன என்று அவர்களையே கேளுங்கள்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. "தமிழ், மலாய் ரெண்டும் பேசினா பிள்ளை குழம்பிடும், ஆங்கிலம் மட்டும் பேசுங்க" என்று பல பெற்றோர்களுக்குப் புத்திமதி சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளையின் பேச்சு மேலும் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாய்க்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் நாலு சொல் பேசுவதால் என்ன லாபம்? பாட்டியும் தாத்தாவும் அந்த வீட்டில் ஊமையாகிவிடுகிறார்கள். தாலாட்டும் கொஞ்சலும் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் பேசுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பிள்ளைகளில் பலர் சொல்லாமல் வெளியே ஓடிவிடுவார்கள், தண்ணீரைக் கண்டால் ஈர்க்கப்படுவார்கள். செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்களும், வீடமைப்புப் பகுதிகளின் பெரிய சாக்கடைகளும், கட்டுமான இடத்துக் குட்டைகளும் ஆபத்தானவை. கதவின் மேல்பக்கம் எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். தீ விபத்து என்றால் பெரியவர்கள் திறக்கும்படி இருக்க வேண்டும், பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. காணாமல் போனால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள், பிறகு மற்ற இடம். காவலாளியிடமும் கடைக்காரரிடமும் பிள்ளையை முன்பே காட்டிவையுங்கள். மறைத்துவைத்த பிள்ளையை யாருக்கும் அடையாளம் தெரியாது.

தகப்பன்மாரே, உங்களுக்கும் சொல்கிறேன். டாக்டரிடம் தாய் மட்டும் போகிறாள், வகுப்புக்குத் தாய் மட்டும் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை இரண்டு மணி நேரம் நீங்கள் வெளியே கூட்டிப்போங்கள். அந்த நேரம் அவள் தூங்கட்டும். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

"எங்களுக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?" இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோரே இல்லை. முழுப் பதில் என்னிடம் இல்லை, ஆனால் ஒரு பகுதி சொக்சோவில் இருக்கிறது. சந்தா கட்டிவந்த தொழிலாளி இறந்தால், தகுதி இருக்கும் பட்சத்தில், குடும்பத்துக்கு வாரிசுதாரர் ஓய்வூதியம் கிடைக்கும். பிள்ளைக்குச் சாதாரணமாக 21 வயதுவரை அல்லது திருமணம்வரைதான். தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்த வயது வரம்பு இல்லை. இதைத் தெரியாமல் 21 வயதோடு முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. அதற்கு மருத்துவச் சான்றுகள் தேவைப்படும். ஆகவே முதல் பரிசோதனைத் தாளிலிருந்து எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். சேமநிதியில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயரே இன்னும் இருக்கும்.

அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் பிள்ளையைப் பற்றிச் சாதாரணத் தமிழில் எழுதிவையுங்கள். எதைச் சாப்பிடுவான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், வயிறு வலித்தால் எப்படிக் காட்டுவான், எந்தப் பாட்டைப் போட்டால் அடங்குவான், எந்தப் போர்வை இல்லாமல் தூங்க மாட்டான். அவன் அக்காவோ சித்தியோ ஒருநாள் அதை எடுத்துப் படிப்பார்கள்.